ஓடாத ஆலை, 2,500 கோடி நட்டம்: ஊட்டி பிலிம் தொழிற்சாலையின் கணக்கு

மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வரும். அதிகம் லாபம் ஈட்டிய பத்து, அதிகம் நட்டம் கண்ட பத்து என்று அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. 2015-16ஆம் ஆண்டின் நட்டப் பட்டியலில் செயில், பி.எஸ்.என்.எல்., ஏர் இந்தியா என்று எல்லாரும் அறிந்த பெயர்கள் இருந்தன. அவற்றோடு சரிசமமாக உட்கார்ந்திருந்தது ஊட்டியில் உள்ள இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். அந்த ஓராண்டில் அது காட்டிய நட்டம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல்.

ஏர் இந்தியா நட்டப்பட்டது என்றால் புரிந்துகொள்ளலாம். விமானம் பறந்தது, எரிபொருள் எரிந்தது, டிக்கெட் விற்ற காசு போதவில்லை. ஊட்டி ஆலையில் அந்த ஆண்டு உற்பத்தியே நின்றுபோயிருந்தது. பெரும்பாலான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சுருள் பிலிம்கூட வெளியே வராத இடத்தில் 2,500 கோடி எப்படிக் கரையும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், ஒரு ஆலை நலிந்த கதையைவிட ஒரு அமைச்சகம் வேலை செய்யும் விதம் துலக்கமாகத் தெரிகிறது. இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

வெற்றிலையைவிட எடை குறைந்த கனரகம்

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கனரகத் தொழில் துறையின் கீழ் இருந்தது. ஒரு பிலிம் துண்டு வெற்றிலையைவிட எடை குறைவு. அதைக் கனரகம் என்று யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்த அமைச்சகத்தின் குடும்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனம் அங்கே மூத்த பிள்ளை. அதற்குக் கனரகம் என்ற பெயர் பொருந்தும். அதே வீட்டில்தான் எச்.எம்.டி. கைக்கடிகாரமும், இந்துஸ்தான் சால்ட்ஸ் உப்பும், ஆண்ட்ரூ யூல் தேயிலையும், இந்துஸ்தான் பேப்பர் காகிதமும், ஸ்கூட்டர்ஸ் இந்தியாவும், சிமெண்ட் கார்ப்பரேஷனும் இருந்தன. வேறு எந்த அமைச்சகமும் தன் பிள்ளை என்று சொல்லாதவையும், தனியாரிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டவையும், ஒரு காலத்தில் நாட்டுக்கு அவசியம் என்று தொடங்கப்பட்டவையுமாக எல்லாம் வந்து சேர்ந்த கூட்டுக்குடும்பம் அது.

குடும்பம் பெரிதாக இருந்தது குற்றமில்லை. ஆனால் உப்புக்கும் எக்ஸ்ரே பிலிமுக்கும் ஒரே இணைச் செயலாளர் கோப்பு பார்க்கும் அமைப்பில், அந்தந்தத் தொழிலின் நாடி எங்கே துடிக்கிறது என்று அறிந்தவர்கள் மேலே இருப்பது அரிது. பிலிம் தொழிலின் நாடி வேகமானது. அதைச் சொல்லாமல் இந்த வழக்கு விளங்காது.

இருட்டில் நடக்கும் வேலை

நிறுவனம் 1960இல் பதிவானது. உற்பத்தி தொடங்கியது 1967இல். தொழில்நுட்பம் பிரான்சு நாட்டின் போஷே நிறுவனத்துடையது. தயாரிப்புக்கு வைத்த பெயர் ‘இந்து’, அதாவது நிலவு. வெள்ளி கொண்டு செய்யும் பொருளுக்கு நிலவின் பெயர். பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பெயர் வைத்தவர்களிடம் இவ்வளவு ரசனையைக் காண்பது அபூர்வம். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு இந்துநகர் ஆயிற்று. கேந்திரிய வித்யாலயா வந்தது. தேயிலையையும் உருளைக்கிழங்கையும் நம்பியிருந்த மலை மாவட்டத்தில் மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் உள்ள ஆயிரக்கணக்கான வேலைகள் உருவாயின. ஊர்க்காரர்களுக்கு அது எச்.பி.எப்.; இன்னும் சுருக்கமாகச் சொன்னால் பிலிம் பாக்டரி.

ஊட்டியை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு அரசியலைவிட நல்ல காரணம் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது ஊர். குளிர் உண்டு, தூசி குறைவு. பிலிம் செய்பவனுக்குத் தூசியைப் போன்ற எதிரி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் பூச்சில் விழுந்தால், எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு புள்ளியாகத் தெரியும். அது காசநோயா, ஆலைத் தூசியா என்று மருத்துவர் குழம்பும் நிலை வந்தால் அந்தப் பிலிமை யாரும் மறுபடி வாங்கமாட்டார்கள்.

வேலை நடக்கும் விதம் இப்படி. வெள்ளிக் கட்டியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளி நைட்ரேட் ஆக்குவார்கள். எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, அதில் பொட்டாசியம் புரோமைடையும் இந்த வெள்ளி நைட்ரேட்டையும் சேர்ப்பார்கள். ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பின் நுண்மணிகள் அந்தக் கூழில் உருவாகும். எமல்ஷன் என்று சொல்வது அதைத்தான். எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் கலக்குகிறோம் என்பதை வைத்தே மணியின் அளவு அமையும். மணியின் அளவை வைத்துப் பிலிமின் வேகம், அதாவது எவ்வளவு குறைந்த ஒளியில் படம் பதியும் என்பது, அமையும். பாயசத்துக்குப் பதம் பார்ப்பதுபோன்ற காரியம், ஆனால் இங்கே அடுப்படியில் விளக்கு கிடையாது. எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள பிலிம் என்றால் கும்மிருட்டு. போட்டோ பேப்பர் என்றால் மங்கலான சிவப்பு விளக்கு உண்டு. அந்தக் கூழை அகலமான பிளாஸ்டிக் தாள்மீது முடியைவிட மெல்லிய படலமாகப் பூசி, பதப்படுத்திய காற்றில் உலர்த்தி, பெரிய சுருளாகச் சுற்றி, வெட்டி, துளையிட்டு, கறுப்புத் தாளில் உறையிட்டு வெளியே அனுப்புவது வரைக்கும் பெரும்பகுதி வேலை இருட்டில்தான். கை பழகியவர்களின் தொழில் இது. ஆறு மாதப் பயிற்சியில் வராது.

அடுத்து, பூசப்படும் அந்தத் தாள். பழைய முறையில் அது பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து செய்த அசிட்டேட் தாள். இந்தத் தாளில்தான் கதையின் திருப்பம் இருக்கிறது.

தாள் மாறியது

எக்ஸ்ரே பிலிம் மற்றப் பிலிம்களிலிருந்து வேறுபட்டது. அதற்கு இரண்டு பக்கமும் எமல்ஷன் பூச்சு உண்டு. நோயாளிக்குக் கதிரைக் குறைவாகக் கொடுத்துப் படம் தெளிவாக வரவேண்டும் என்பதற்காக அப்படி. முன்பெல்லாம் மருத்துவமனை இருட்டறையில் பிலிமைச் சட்டத்தில் மாட்டி, தொட்டியில் முக்கி, கழுவி, ஈரமாக வெளியே எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுவார்கள். பிறகு தானியங்கி இயந்திரங்கள் வந்தன. உருளைகள் பிலிமை உள்ளிழுத்து, மருந்துகளில் ஓட்டி, ஒன்றரை நிமிடத்தில் உலர்ந்த படமாகத் துப்பின. இந்த ஓட்டத்தில் அசிட்டேட் தாள் தாக்குப்பிடிக்காது. ஈரத்தில் ஊறும், வளையும். பாலியெஸ்டர் ஊறாது, கிழியாது. எனவே உலகம் முழுவதும் எக்ஸ்ரே பிலிம் பாலியெஸ்டருக்கு மாறியது.

ஊட்டிக்கும் மாறியாக வேண்டிய கட்டாயம். கருப்பு வெள்ளை சினிமா ஏற்கெனவே போய்விட்டது. ஸ்டுடியோக்கள் வண்ணத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. வண்ணப் பிலிமை ஊட்டி தானாகச் செய்யவில்லை. வெளிநாட்டு ஜம்போ சுருளை வாங்கி வெட்டிப் பொட்டலம் போடுவதோடு நின்றது. மிச்சமிருந்த பலமான சந்தை எக்ஸ்ரேதான். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டு பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஆலையைக் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

சிந்தனை சரி என்றுதான் சொல்லுவேன். பின்னாளில் பலர் இந்தத் திட்டத்தையே முட்டாள்தனம் என்று எழுதினார்கள். மருத்துவமனைகள் வாங்கும் பொருளைச் செய்யக் கற்பது முட்டாள்தனம் ஆகாது. தவறு காலத்தில் இருந்தது. கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. வெளிநாட்டு இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் டாலரில் கொடுப்பவனுக்கு அந்த ஒரே வாரத்தில் செலவு ஏறிவிட்டது. அதைத் தொடர்ந்து இறக்குமதி வரிகள் இறங்கின. வெளிநாட்டு எக்ஸ்ரே பிலிம் தடையின்றி, குறைந்த விலைக்கு மருத்துவமனை வாசலுக்கே வந்தது. வரிச்சுவருக்குப் பின்னால் விற்கலாம் என்று போட்ட கணக்கில் கட்டிய ஆலை, சுவர் இடிந்த பிறகு திறந்தது.

கயிறுகள் யார் கையில்

இந்த இடத்தில் அமைச்சகத்தைப் பார்க்கவேண்டும். பெரும்பங்கு அரசுடையது. அந்தப் பங்கின் சார்பில் பேசுவது கனரகத் தொழில் துறை. பத்திரிகைகளின் மொழியில் ‘உரிமையாளர்’. நடப்பில் அந்த உரிமையாளரின் கையில் என்ன இருந்தது?

சுங்க வரியை முடிவு செய்வது நிதி அமைச்சகம். ஊதிய உடன்பாட்டுக்கு வழிகாட்டுவது பொதுத்துறை நிறுவனங்கள் துறை. அது அதே அமைச்சகத்துக்குள் பக்கத்து அறையில் இருந்தாலும் தனித் துறைதான். 2021இல் நிதி அமைச்சகத்துக்கே பெயர்ந்துவிட்டது. தலைவரைத் தேர்ந்து பரிந்துரைப்பது தேர்வு வாரியம். பெரிய முதலீடு என்றால் பொது முதலீட்டு வாரியம், அதன்பின் அமைச்சரவை. எக்ஸ்ரே பிலிமை வாங்கும் அரசு மருத்துவமனைகளோ மாநிலங்களுடையவை. டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டியவை. கடன் வங்கிகளுடையது. நிலம் மாநில அரசு தந்தது. வெள்ளியின் விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியைப் பதுக்கி அவுன்சு 50 டாலர் வரை ஏற்றினார்கள். உலகில் பிலிம் செய்தவர்கள் எல்லாருக்கும் மூச்சு முட்டியது. அதற்கு எந்த அமைச்சகமும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இவ்வளவும் போக மிஞ்சியது இயக்குநர் குழுவில் சில நாற்காலிகள், பாராளுமன்றக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு, சம்பளத்துக்குப் பணம் இல்லாதபோது கடன் வாங்கித் தரும் வேலை. ஒரு கையெழுத்தில் வரியை இறக்கியது ஒரு அமைச்சகம். அந்த வரியை நம்பிக் கட்டிய ஆலைக்குப் பதில் சொல்லவேண்டியது வேறொரு அமைச்சகம். இரண்டும் ஒரே அரசு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற கதை.

வரியைக் குறைத்தது தவறு என்று வாதிட நான் வரவில்லை. எக்ஸ்ரே விலை குறைந்தால் நோயாளிக்கு நல்லதுதான். குறைப்பது என்று முடிவானபோதே, அந்த வரிக்கணக்கில் கட்டப்பட்ட ஆலையை என்ன செய்வது என்ற முடிவும் கூடவே வந்திருக்க வேண்டும். கடனைப் பங்காக மாற்றலாம், அளவைச் சுருக்கலாம், விற்கலாம், மூடலாம். எதைச் செய்திருந்தாலும் ஒரு விலை உண்டு. எதையும் செய்யாததற்கு இருந்த விலை எல்லாவற்றையும்விடப் பெரிது. அதன் அளவைத்தான் முதல் பத்தியில் பார்த்தோம்.

உறைந்த உடல், வளரும் நகம்

நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டம் 1985இல் வந்தது. சொத்தைவிட நட்டம் மிகுந்த ஆலையை அச்சட்டத்தின்படி அமைந்த வாரியத்திடம், அதாவது பி.ஐ.எப்.ஆரிடம், கொண்டுபோக வேண்டும். முதலில் தனியாருக்கு மட்டும் இருந்த அந்தச் சட்டம் 1991 இறுதியில் பொதுத்துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. ஊட்டி ஆலை 1996இல் அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு முக்கியம். வாரியத்தில் விசாரணை நடக்கும் வரை, கடன் கொடுத்தவர் யாரும் வாரியத்தின் அனுமதியின்றி நிறுவனத்தின்மீது வசூல் வழக்கு நடத்தவோ சொத்தை ஜப்தி செய்யவோ முடியாது. நோயாளி பிழைக்கும்வரை கடன்காரன் கதவைத் தட்டாதே என்ற நல்ல எண்ணத்தில் வைத்த பாதுகாப்பு. ஆனால் வசூலுக்குத்தான் தடை. வட்டிக்குத் தடை இல்லை. கணக்குப் புத்தகத்தில் அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். உடலை ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு நகத்தை மட்டும் வளரவிட்டது போல.

அது எப்படி வளரும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வட்டி விகிதம் கடனுக்குக் கடன் வேறுபடும்; வழியைக் காட்டுவதற்காக 18 சதவீதக் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 1996இல் நூறு ரூபாய் கடன். நான்காண்டில் ஏறக்குறைய இருநூறு. பத்தாண்டில் 523. இருபதாண்டில் 2,739. இதில் பார்க்கவேண்டியது அந்தக் கடைசி ஆண்டைத்தான். இருபதாம் ஆண்டில் மட்டும் ஏறிய வட்டி 418 ரூபாய். வாங்கிய அசலைப்போல நான்கு மடங்குக்கும் மேலான நட்டத்தை, அந்த நிறுவனம் எதையும் செய்யாமல், ஒரு விளக்கைக்கூடப் போடாமல், அந்த ஓராண்டில் ‘சம்பாதித்து’விடும்.

ஓடாத ஆலையின் 2,500 கோடி வந்த வழி இதுதான். தொழிலாளி வீணடித்ததோ, இயந்திரம் விழுங்கியதோ அல்ல. அரசிடமும் வங்கிகளிடமும் வாங்கி அடைக்காமல் விட்ட கடன், வட்டிமேல் வட்டியாகப் புத்தகத்தில் பெற்றுப்போட்ட குட்டிகள். சம்பளத்துக்காக அரசு கொடுத்த கடனும் அந்தச் சுமையில் சேரும். அரசு தன் வலது சட்டைப்பையிலிருந்து இடது சட்டைப்பைக்குக் கடன் கொடுத்து, அதற்கு வட்டி எழுதி, அந்த வட்டியை நட்டம் என்று அறிக்கையில் அச்சிட்டது. வரி கட்டுபவரின் பணம் 2,500 கோடி அந்த ஆண்டு எங்கும் எரிந்துபோய்விடவில்லை. போகவேண்டிய பணம் வெகுமுன்பே போய்விட்டது. ஆனாலும் நட்டப் பட்டியலைப் பார்த்தவர்கள் தொலைக்காட்சி விவாதங்களில் ஊட்டித் தொழிலாளரின் சோம்பலைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக இருந்தது.

வாரியம் 2003இல் நிறுவனத்தைக் கலைக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தது. சட்டப்படி அது கருத்து மட்டுமே. கலைக்கும் ஆணையை உயர்நீதிமன்றம்தான் இடவேண்டும். தொழிலாளர் தரப்பு நீதிமன்றத்தை நாடியது. இதற்கிடையே 2004இல், நலிந்த பொதுத்துறை நிறுவனங்களைச் சீரமைக்க இன்னொரு வாரியத்தை அரசு அமைத்தது. ஒரு வாரியம் கலைக்கச் சொல்லிவிட்டது, இன்னொரு வாரியம் காப்பாற்ற வந்திருக்கிறது, நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. கோப்பைத் தள்ளிப்போட இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டை எந்த அதிகாரியும் விரும்பிக்கூட அமைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தேர்தலிலும் ஆலையைத் திறப்போம் என்ற வாக்குறுதி நீலகிரி மேடைகளில் ஒலித்தது. ஆண்டுகள் போயின. வட்டி மட்டும் எந்தத் தேர்தலுக்காகவும் காத்திருக்கவில்லை.

2014 பிப்ரவரி

பொதுத்தேர்தல் அறிவிப்புக்குச் சில நாட்களுக்கு முன், 2014 பிப்ரவரி இறுதியில், ஊட்டி ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொகை 181.54 கோடி ரூபாய். அப்போது எஞ்சியிருந்தவர்கள் எழுநூறு பேர் அளவில்.

அந்த ஒப்புதலில் ஒரு சொற்றொடரை நின்று கவனிக்கவேண்டும். இழப்பீடு 2007ஆம் ஆண்டின் ‘பாவனை’ ஊதிய விகிதப்படி கணக்கிடப்படும் என்றது அரசு. நலிந்த நிறுவனங்களில் ஊதியத் திருத்தம் நடப்பதில்லை. பக்கத்து ஊர் பொதுத்துறை ஊழியருக்கு இரண்டு முறை சம்பளம் ஏறியிருக்கும், இவருக்குப் பழைய விகிதமே. இப்போது வெளியே அனுப்பும்போது, 2007இல் உனக்குச் சம்பளம் உயர்ந்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பாயோ அதை வைத்துக் கணக்குப் போடுகிறேன் என்கிறது அரசு. வேலை செய்த ஆண்டுகளில் கிடைக்காத சம்பளம், வேலையை விடும் நாளில் கணக்குக்கு மட்டும் உயிர்பெற்று வந்தது. இரக்கம்தான், மறுக்கவில்லை. கூடவே ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் அதில் இருக்கிறது: இத்தனை ஆண்டும் உன்னைக் குறைந்த சம்பளத்தில் நிறுத்திவைத்திருந்தேன் என்பது.

ஊட்டியோடு இது நிற்கவில்லை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ், எச்.எம்.டி. சினார் வாட்சஸ், எச்.எம்.டி. பேரிங்ஸ் ஆகிய மூன்றையும் மூட ஒப்புதல் வந்தபோதும் அதே 2007 பாவனை விகிதம், தொகை 427.48 கோடி. அதே ஆண்டு அக்டோபரில் எச்.எம்.டி.யின் பிஞ்சோர் டிராக்டர் ஆலைக்கும் அதே கதி. அமைச்சரின் பெயர் மாறியது, ஆட்சியும் மாறியது, வாசகம் மாறவில்லை. அமைச்சகம் ஒன்றைக் கைதேர்ந்து செய்யக் கற்றுக்கொண்டது என்றால் அது மூடும் படிவத்தை நிரப்புவதைத்தான். 181 கோடியையும் 2,500 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதர்களைக் கௌரவமாக வீட்டுக்கு அனுப்ப ஆன மொத்தச் செலவு, ஓராண்டு காகித வட்டியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2016 டிசம்பர் 1ஆம் தேதி 1985ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கப்பட்டது. பி.ஐ.எப்.ஆரில் மிச்சமிருந்த வழக்குகள் அத்தோடு அற்றுப்போயின. இருபதாண்டு காத்திருந்தவர்களுக்கு அந்த வாரியம் சொன்ன கடைசிப் பதில் அதுவாயிற்று.

டிஜிட்டல் கொன்றதா

இந்த ஆலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வது: டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிம் போனது, ஆலை மூடியது, இதில் ஆராய என்ன இருக்கிறது? தேதிகளைப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. உலகில் பிலிம் விற்பனை உச்சம் தொட்டது 2000ஆம் ஆண்டை ஒட்டி. ஊட்டி நலிந்த நிறுவனமாக வாரியத்தின் படியேறியது 1996இல். ஊரெல்லாம் கல்யாண வீட்டில் ரோல் ரோலாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிலிமின் பொற்காலத்திலேயே படுத்த ஆலையை டிஜிட்டல் கொன்றது என்று சொல்வது, ஏற்கெனவே இறந்தவர்மீது பஸ் ஏற்றியவனைக் கொலைகாரன் என்பது போன்றது.

டிஜிட்டல் வந்த பிறகு எல்லாரும் அடிவாங்கியது உண்மை. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004இல் கடன்காரர் பொறுப்புக்குப் போனது. ஜெர்மனியில் அக்ஃபா போட்டோ 2005இல் திவாலானது. கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஆனால் இல்ஃபோர்டை அதன் மேலாளர்களே வாங்கி, அளவைச் சுருக்கி, கருப்பு வெள்ளைப் பிலிமையும் பேப்பரையும் மட்டும் செய்து பிழைத்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் உறைக்கும் உதாரணம் செக் நாட்டின் ஃபோமா. அதுவும் அரசு ஆலை, அதுவும் கருப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. அங்கே 1995இல் அதைத் தனியாருக்கு மாற்றினார்கள். இன்றும் பிலிம் செய்கிறது. உலகெங்கும் பிலிம் கேமரா பைத்தியங்கள் வாங்குகிறார்கள். ஃபோமா கைமாறிய அடுத்த ஆண்டில்தான் ஊட்டி வாரியத்துக்குள் நுழைந்து உறைந்தது.

ஊட்டியையும் விற்றிருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபோமாவின் தோளில் பாலியெஸ்டர் ஆலையின் கடன் போன்ற சுமை இல்லை. தனியார் வாங்கி, இயந்திரத்தை இரும்புக்கு விற்று, நிலத்துக்கு வேலி போட்டிருக்கவும் கூடும். அப்படி நடந்த கதைகளும் நம்மிடம் உண்டு. நான் சொல்வது இவ்வளவுதான்: 1996இல் கையிலிருந்த தேர்வுகள் 2003இல் இல்லை, 2003இல் இருந்தவை 2014இல் இல்லை. எமல்ஷன் பதம் பார்க்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. பூச்சு இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் ஊட்டி ஈரத்தில் அது சும்மா இராது. காக்கவைத்த ஒவ்வோர் ஆண்டும் ஆலையை இன்னும் கொஞ்சம் விற்கத் தகாததாக ஆக்கியது.

நிலமும் வெள்ளியும்

எல்லாம் முடிந்தபின் மிஞ்சியதில் மதிப்புள்ளது நிலம். ஆலைக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தின் ஒரு பகுதியில் நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2025 ஏப்ரலில் அதைத் தமிழக முதல்வர் திறந்து வைத்தார். கூடலூர் சாலையில் போகிறவர்களுக்கு அந்த இடம் இன்றும் எச்.பி.எப்.தான். அந்த மூன்று எழுத்தின் விரிவைக் கேட்டால் இளைய பிள்ளைகளில் பலர் விழிப்பார்கள்.

சென்ற ஆண்டு வீட்டைக் காலி செய்யும்போது அப்பாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று பழுப்பு உறையில் கிடைத்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகள் இன்னும் தெளிவாக இருந்தன. ஓரத்தில் எங்காவது ‘இந்து’ என்று அச்சாகியிருக்கிறதா என்று தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. பழைய பேப்பர் வாங்க வந்தவர் அதைக் கையில் வாங்கி, விரல் நகத்தால் மெல்லச் சுரண்டி, செய்தித்தாள் கட்டோடு சேர்க்காமல் தனியாக வைத்தார். ஏன் என்று கேட்டேன். இதில் வெள்ளி இருக்கிறது, இதற்குத் தனி விலை என்றார்.